பாதிக் குடம்

பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டில் காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேஜைமேல் போட்டிருக்கிறது. வாரம் ஒருநாள் ஆறு மைல் தள்ளியிருக்கும் கிராமத்துப் பள்ளிக்குப் போய் வரும் டிராயிங் மாஸ்டர் ரெமிஜியஸ் இன்றைய பாடத்துக்குத் தயாராகிறார். பென்சில்களைச் சீவியாயிற்று. பிள்ளைகள் பார்த்து வரைவதற்கான பித்தளைக் குடத்தை அவர் மனைவி செசிலி புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். போன வாரத் தாள்களுக்கு அவர் மார்க் போடுகிறார். மூன்று தாள்களில் பாதிக் குடம்தான் இருக்கிறது; நடுவே நெட்டுக்குத்தாக ஒரு கோடு, அதற்கப்பால் ஒன்றுமில்லை. “சோம்பேறிக் கழுதைங்க,” என்று சிவப்புப் பென்சிலால் மூன்றுக்கும் முட்டை போடுகிறார். செசிலி ஈரக் கையோடு எட்டிப் பார்க்கிறாள். “மூணு பேரும் ஒரே பக்கத்தை விட்டிருக்காங்களே. இவங்க எங்கங்க உட்காருவாங்க?” “வெளியில, வராந்தாவுல. சேரிப் பிள்ளைங்களை ஹெட்மாஸ்டர் உள்ள விடமாட்டார்.” சொல்லும்போதே அவர் குரல் இறங்கிப்போகிறது. ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். அந்தக் கோடு, வராந்தாவிலிருந்து பார்த்தால் குடத்தின் மறுபாதியை மறைக்கும் கதவுநிலை. நிலையில் அடித்திருக்கும் ஆணிகூட இருக்கிறது, அதன் நிழலோடு. முழுக் குடம் வரைந்த தாள் ஒன்றில்கூட நிழல் இல்லை. ரப்பரை எடுத்து முட்டையை அழிக்கிறார்; சிவப்பு போகாமல் தாளில் இழுபடுகிறது. தெருவில் ஜட்காக்காரர் குரல் கொடுக்கிறார். செசிலி குடத்தைத் துடைத்து நீட்டுகிறாள். “இன்னைக்கு இதை எங்க வைக்கப்போறீங்க?” அவர் கை நீட்டவில்லை. இன்னும் அழுத்தித் தேய்க்கிறார். ரப்பருக்கடியில் அந்தப் பாதிக் குடமும் மெல்ல மெல்ல அழிந்துகொண்டிருக்கிறது.