சிவப்பு நூல்

"அண்ணாச்சி, இங்கன வாங்க! என் முளைப்பாரியத் தூக்கிட்டுப் போறா!"

மாரிசெல்வியின் சத்தத்தில் கோயில் பெரியவர் மாயகிருஷ்ணன் ஓடி வந்தார். எட்டு நாளாக முளைப்பாரி வளர்ந்த இருட்டறையின் வாசலில், துணி மூடிய சட்டியோடு சுந்தரம்மாள் நின்றாள். மாரிசெல்வியின் மூத்த ஓரகத்தி. கிணற்றுத் தகராறில் இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. இந்தக் கொடைத் திருவிழாவுக்கு அறைக்குள் போய்த் தண்ணீர் தெளிக்கிற முறை சுந்தரம்மாளுக்கு மட்டும்தான்.

"செவப்பு நூல் கட்டுனது என் சட்டி. அவ கையில பாருங்க!"

"மாத்துனியாம்மா?"

"ஆமா அண்ணாச்சி. மாத்துனேன்."

"தனக்கு முளைக்கலைன்னா அடுத்தவ பயிரையா எடுக்கது?" என்றபடி மாரிசெல்வி துணியை வெடுக்கென்று இழுத்தாள்.

சட்டியில் வெறும் கரிசல் மண். ஓரத்தில் நாலு முளை வாடிக் கிடந்தது.

பெரியவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மாரிசெல்வியின் இடத்தில் முழ உயரப் பயிரோடு ஒரு சட்டி. அதில் சுந்தரம்மாளின் சேலைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு நூல்.

"அது என் சட்டி" என்றாள் சுந்தரம்மாள். "கொழுந்தனாரு ஆஸ்பத்திரியில கெடக்காவ. முளைக்காத வீட்டுக்கு ஆகாதும்பாவ. இதப் பாத்தா இவ மனசு விட்டுருவா. எனக்குன்னா ஊரு பேசும், அவ்வளவுதான?"

வெளியே மேளம் கேட்டது. மாரிசெல்வி அந்தத் துணியாலேயே மண்ணை மூடி, சட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எக்கா, உன் சட்டிய நீ எடு. பக்கத்துலயே நடந்து வாரேன்."