மாதுளைக்குப் பத்துக்கு ஐந்து

மாதுளை என்ற கிழட்டுக் குதிரை, குதிரையேற்றம் பழக வந்த பத்தொன்பது பேரைச் சுமந்து சுமந்து, ஆரம்பநிலைப் போட்டியை மனப்பாடமே செய்திருந்தது. அதில் வேகத்துக்கு வேலையில்லை. அழகாக வட்டம் போட்டு, குறித்த இடத்தில் ஆடாமல் நின்றால் மார்க். இதுவரை ஒருத்தரையும் அது கீழே போட்டதில்லை.

இருபதாவதாக ஏறிய தினகர் புதுக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக வந்தான். நடுவருக்கு வணக்கம் வைத்தான். அதோடு அவனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

"இவன் கண்ணை மூடிட்டான்டீ!" என்றது முதுகிலிருந்த சேணம். "கடிவாளத்தை விட்டுட்டு என்னைக் கெட்டியாப் பிடிச்சிட்டிருக்கான்."

"விழாமப் பார்த்துக்கோ. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்ற மாதுளை, தானாகவே திரும்பி, தானாகவே இரண்டு வட்டம் போட்டு, உரிய இடத்தில் போய் நின்றது. கைதட்டல் கேட்டபிறகுதான் தினகர் கண்ணைத் திறந்தான்.

நடுவரின் தாள் வந்ததும் சத்தமாக வாசித்தான்: "ஓட்டியவர்: அபார நிதானம், பத்துக்கு எட்டு. குதிரை: சொல்லும் முன்பே செய்கிறது, கீழ்ப்படியப் பழக வேண்டும், பத்துக்கு ஐந்து."

பிறகு மாதுளையின் கழுத்தைப் பரிவோடு தட்டிக்கொடுத்தான்.

"கவலைப்படாத. அடுத்த போட்டிக்குள்ள நான் உனக்குச் சொல்லித் தர்றேன்."