பன்னிரண்டாவது பெயர்

"முத்தம்மா வந்துட்டேங்கய்யா" என்று மூக்கடைத்த குரலில் போனில் சொல்லிவிட்டு, சுலோசனா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு நிமிடத்துக்கு முன்பு அதே போனில் தன் சொந்தக் குரலில் தன் பெயரைச் சொன்னவளும் அவள்தான்.

மரக்காணத்து உப்பளத்தில் பொங்கலுக்குப் பிறகு ஆஜர் எடுப்பது இப்படித்தான். முதலாளி பக்தவச்சலம் மகள் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு செல்போனை வாங்கிச் சுலோசனா கையில் கொடுத்தாலும் கொடுத்தார், அளமே தன் சட்டைப்பைக்குள் இருப்பதாக அவருக்கு நினைப்பு.

தினம் காலை ஆறரைக்கு மணி அடிக்கும். பன்னிரண்டு பேரும் போனைக் கை மாற்றி ஆளுக்கொரு முறை பெயர் சொல்ல வேண்டும். மூன்று நாள் ஒரு பெயர் வராவிட்டால், நாலாம் நாள் அந்த இடத்தில் வேறு ஆள். சுனாமிச் சேறு ஏறிப் பாதி அளங்கள் திறக்காமலே கிடந்த வருஷம் அது. வேலை கேட்டு வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

முத்தம்மாளுக்குக் காலில் உப்புப் புண். பன்னிரண்டு நாளாக அனுமந்தையில் வீட்டோடு கிடந்தாள். அவள் பாத்தியை மற்றவர்கள் பங்கு போட்டு வாரினார்கள். அவள் பெயரைச் சொல்வது மட்டும் சுலோசனாவின் பங்கு.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றது போன்.

"வந்தாச்சுங்கய்யா."

"நாளைக்குக் காலையில வண்டி வருது. பன்னெண்டு பேரும் நிக்கணும்." பேச்சு அதோடு முடிந்தது.

"தண்ணி எத்தினி டிகிரின்னு கேட்டாரா?" என்றாள் பக்கத்தில் நின்ற அந்தோணியம்மாள்.

"எங்க கேக்குறாரு இப்பல்லாம்? அவங்க வரலியா, இவங்க வரலியா, அவ்ளோதான்." முன்பெல்லாம் பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று தெரியாமல் காபியைக்கூடத் தொடமாட்டார் மனுஷன். மெட்ராஸ் போனதும் எல்லாம் மறந்துவிட்டது என்று பெண்கள் சிரித்தார்கள். சுலோசனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கக்கா. இல்லன்னா பன்னெண்டு பேருன்னு எண்ணி ஏன் சொல்றாரு?"

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே முத்தம்மாள் வீட்டுக்குப் போனாள். கால் கணுக்கால்வரை வீங்கியிருந்தது.

"நான் வந்துர்றேன் சுலோ. சும்மா நிக்கறதுதான?" என்றாள் முத்தம்மாள்.

"அந்தத் தண்ணியில கால வச்சா உசுரே போயிடும்டி."

"வேலை போனா மட்டும் இருக்குமா? நீ வேற எனக்காக மாட்டிக்கணுமா?"

தனக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் சுலோசனாவுக்கு இல்லாமல் இல்லை. அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் முத்தம்மாளை அவள் புருஷன் ஐயப்பன் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். காலில் பிளாஸ்டிக் பை சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. வரப்பு ஓரமாக இருந்த பாத்தியில் கையில் உப்பு வாரும் பலகையோடு அவளை நிறுத்தினார்கள். சேலையை இறக்கிக் கட்டியதில் கால் வெளியே தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. முதலாளியின் மனைவி விஜயலட்சுமி அம்மாள் இறங்கினார். முதலாளி இறங்கவில்லை. பின் சீட்டில் சாய்ந்தபடி, திறந்த ஜன்னல் வழியாக அளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் கும்பிட்டதற்குத் தலையைக்கூட அசைக்கவில்லை.

அந்தப் பார்வையைப் பார்த்ததும் சுலோசனா, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அதற்குள் பைக்குள் உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டது. முத்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பலகையை இரண்டு இழுப்பு இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பலகையை ஊன்றி நின்றாள். பிறகு அப்படியே பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

சுலோசனாவால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வரப்பிலே ஓடிப்போய்க் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, முத்தம்மா பன்னெண்டு நாளா வரலீங்க. காலுல புண்ணு. தினம் அவ பேரச் சொன்னது நான்தான். குரல மாத்தி உங்கள ஏமாத்திட்டேன்."

முதலாளி அவளையே பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"நிறுத்துறதுன்னா என்னை நிறுத்திடுங்க. அவ வேலைக்கு வரலன்னாலும் அவ பாத்தியில ஒரு நாள்கூட உப்பு வாராம விட்டதில்ல. இவங்கள வேணா கேளுங்க."

அப்போதும் பேச்சில்லை. பழைய முதலாளியாக இருந்தால் இந்நேரம் அவர் போடும் சத்தம் கடற்கரைவரை கேட்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு ஏங்கிப்போனாள் சுலோசனா.

விஜயலட்சுமி அம்மாள் டிரைவரைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணத் தூக்கி வண்டியில உக்கார வைப்பா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

அதுவும் சுலோசனாவின் காதில் ஏறவில்லை. "ஐயா, எவ்ளோ வேணா திட்டுங்க, வாங்கிக்கறேன். அவளுக்கு வேலை உண்டுன்னு மட்டும் உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

முதலாளியின் கண்ணில் தண்ணீர் கோத்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு துடித்தது. அம்மாள் காருக்குள் குனிந்து முந்தானையால் அவர் கடைவாயைத் துடைத்துவிட்டார். பிறகு சுலோசனாவை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"அவரு வாயத் தொறந்து பேசி நாலு மாசமாவுதும்மா, தினம் போன்ல அவரு குரல்ல பேரு கேக்குறது அவரு தம்பி."