திட்டு வாங்கும் ஒத்திகை

"அழுகை அளவா இருக்கு. கோபம்தான் கொஞ்சம் தூக்கல்," என்றார் தலைமை வக்கீல். "எங்க, மறுபடி முதல்லேருந்து வாங்கம்மா."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

அந்த மருந்துக் கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்திரிகைக்காரர்களைச் சந்திப்பதற்கு முன்னால், நாடகக் குழுவிலிருந்து யாரையாவது வரவழைத்து வயிறாரத் திட்டு வாங்கிப் பழகிக்கொள்வார்கள். மறுநாள் முகம் கறுக்காமல் பதில் சொல்ல அது நல்ல பயிற்சி.

இந்த முறை பயிற்சி ரொம்பவே தேவைப்பட்டது. கம்பெனியின் மூட்டுவலி மாத்திரையைத் தின்றவர்களுக்குக் காது போய்விட்டது என்று ஊரே காறித் துப்பிக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு அது முன்கூட்டியே தெரியும் என்று மட்டும் வெளியில் வந்துவிட்டால், கம்பெனியோடு சேர்ந்து தலைமை வக்கீலும் மூழ்க வேண்டியதுதான்.

காலையிலேயே வரவேற்பறைக்குச் சொல்லிவைத்திருந்தார். "அழுதுக்கிட்டு ஒரு அம்மா வருவாங்க. குறுக்குக் கேள்வி கேக்காம மேல அனுப்பிடுங்க." வரவேற்பறையும் சொன்னபடியே அனுப்பிவைத்தது.

"என் வீட்டுக்காரருக்கு எதுவுமே கேக்கலய்யா," என்று மறுபடி ஆரம்பித்தாள் அம்மாள். "பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சாலும் நடுரோட்டுல நிக்கறாரு. பேத்தி காதுகிட்ட வந்து கத்திப் பார்த்துட்டு, தாத்தாவுக்கு எம்மேல கோவமான்னு கேக்குது."

உதவி வக்கீல் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "சார், நாம எழுதிக் கொடுத்ததுல மாமியார்னு இருக்கு."

"வீட்டுக்காரரே இருக்கட்டும்யா. மாமியாருக்குக் காது கேக்கலேன்னா எவ அழுவா?"

அம்மாள் பையைத் துழாவி, காலியான மாத்திரை அட்டை ஒன்றையும் செல்போனையும் எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"அட, இதெல்லாம்கூடக் கொண்டாந்திருக்காங்க பாருய்யா. தொழில் பக்தின்னா இது!"

"ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க," என்றாள் அம்மாள். "இந்த மாத்திரை இப்படிப் பண்ணும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா, தெரியாதா?"

தலைமை வக்கீல் டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்கள் வேதனையில் நாங்களும் பங்குகொள்கிறோம். மக்களின் நலமே எங்கள் மூச்சு..."

"தெரியுமா, தெரியாதா?"

"விசாரணை நடந்துகொண்டிருக்கும் நிலையில்..."

"தெரியுமா, தெரியாதாய்யா?"

அவர் டையைத் தளர்த்திவிட்டுச் சிரித்துவிட்டார். "பிடிச்ச பிடியை விட மாட்டேங்கறீங்களே! தெரியும்மா. பரிசோதனையில எலிக்கே காது போயிடுச்சு. அதை வெளிய விடாம அமுக்கி வைக்கச் சொன்னதே நான்தான். நாளைக்கு இதையா எந்திரிச்சு நின்னு சொல்ல முடியும்?"

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாத்திரை அட்டையையும் செல்போனையும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"இதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். வரேன்யா."

"பிரமாதம்மா! அடுத்த தடவையும் உங்களையேதான் கூப்பிடுவேன்." கதவுவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

உதவி வக்கீல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே டிவிக்காரர்கள் மைக்கும் கேமராவுமாகப் பழியாய்க் கிடந்தார்கள்.

"சார், அந்தம்மா நேரா டிவிக்காரங்ககிட்ட போறாங்க."

"நடிக்கிறவங்களுக்குக் கேமராவைக் கண்டா கால் சும்மா இருக்குமா? போகட்டும் விடு."

கதவு தட்டப்பட்டது. முகம் நிறையப் பவுடரும் கையில் கிளிசரின் பாட்டிலுமாக ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க சார், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். மாமியாருக்காக அழணும்னீங்களே, ஆரம்பிச்சுடட்டுமா?"