ஆட்சேபணை இல்லை

"நர்சுங்க போட்டிருக்கிற அந்த நீலச் சட்டை கண்டிப்பா மாறணும் சார். எங்க ஆஸ்பத்திரிகள்ல அதே நீலம்தான்," என்றார் வக்கீல்.

"மாத்தியாச்சு சார். பச்சையாக்கிட்டோம்," என்றார் இயக்குநர்.

"மருந்துப் பெட்டி மேல ஒரு பறவை இருந்துச்சே?"

"அது பறந்து போச்சு சார்."

வக்கீல் சிரித்துக்கொண்டே பட்டியலில் ஒரு கோடு போட்டார். ஒலிப்பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டூடியோவில் அவளைப் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து அறையில் மின்விசிறி முனகினாலும் இங்கிருந்தே சொல்லிவிடுவாள்.

இந்தப் படம் எப்படிப் பிறந்தது என்று அவளுக்குத் தெரியும். இயக்குநரின் பத்து வயது மகளுக்கு அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. தலைமை அலுவலகத்தின் அனுமதி வராமல் கத்தியைத் தொட மாட்டோம் என்றுவிட்டது ஆஸ்பத்திரி. காலையிலிருந்து மாலை வரை போனைக் காதில் வைத்தபடி வராந்தாவிலேயே நின்றார் மனிதர். அனுமதிக் கடிதம் அடுத்த வாரம் தபாலில் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்தத் துக்கத்தைத்தான் படமாக எடுத்திருந்தார். மகளைப் பறிகொடுத்த ஒரு அப்பா, ஆஸ்பத்திரி முதலாளியைத் தேடிப் போய்ப் பழிதீர்க்கிற கதை. முதல் தடவை பார்த்தபோது பாம்புக்காது மூக்கு அடைக்கும்வரை அழுதாள். நெஞ்சில் இவ்வளவு நெருப்பை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படி எல்லோரிடமும் தன்மையாகப் பேசுகிறார் என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கம்பெனி சும்மா இருக்குமா? கோர்ட்டுக்குப் போனது. கம்பெனியை அடையாளம் காட்டுகிற எதுவும் படத்தில் இருக்கக் கூடாது, அவர்களுடைய வக்கீல் பார்த்து ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் வெளியிடலாம் என்று உத்தரவாகிவிட்டது. வக்கீல் ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துப் பதினேழு இடத்தில் கை வைத்தார். பதினேழுக்கும் இயக்குநர் தலையாட்டினார்.

வக்கீல் போன் பேச வெளியே போனதும் அவள் பொரிந்து தள்ளினாள்.

"பேரு போச்சு, கட்டடம் போச்சு, கலர் போச்சு. பல்லைப் பிடுங்கின பாம்பு சார் இது! யாரைச் சொல்றோம்னே ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல. பாப்பாவுக்கு என்ன சார் பதில் சொல்லுவீங்க?"

"பாம்பைப் பத்திப் பாம்புக்காது சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி. "படம் வெளிய வரணும்மா. வந்தாப் போதும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் பிடிவாதம் பிடித்திருந்தார். முதலாளியாக நடித்தவர் இடிமுழக்கம் போல வசனம் பேசுகிற பெரிய நடிகர். அந்தக் குரலே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, மூன்று மாதம் நாயாக அலைந்து, குரல் கொடுக்க ஒரு ஒல்லி மனிதரைக் கூட்டி வந்தார். சினிமா பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் அவர். "சார், கோபமாப் பேசணுமா?" என்று அவர் கேட்டதற்கு, "வேண்டாம், நீங்க எப்பவும் பேசுற மாதிரியே பேசுங்க," என்றார் இயக்குநர்.

வெண்ணெய் தடவின மாதிரி ஒரு குரல். எங்கேயோ கேட்டது போலிருந்தது அவளுக்கு. ஏதாவது விளம்பரமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். தலைவலிக்குக்கூட ஆஸ்பத்திரிப் படி ஏறாத உடம்பு அவளுடையது.

வக்கீல் திரும்பி வந்தார். கடைசிக் காட்சி ஓடியது. அப்பா மேசைக்கு முன்னால் நின்று கதறுகிறார். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேசுகிறார்: "உங்க வேதனை எங்களுக்குப் புரியுது. கொஞ்சம் பொறுமையா இருங்க."

"அடேயப்பா! குரல்னா இதுல்ல குரல்!" என்று தொடையைத் தட்டினார் வக்கீல். "எங்க சேர்மன்கூட நேத்து வீட்ல போட்டுப் பார்த்துட்டு, இந்தக் குரலைத்தான் ரொம்பப் பாராட்டினாரு. எங்க சார் பிடிச்சீங்க?"

"தேடினேன் சார், கிடைச்சுது."

வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவர் கார் போகிற சத்தம் கேட்டதும், இயக்குநர் அந்தக் காட்சியை இன்னொரு தடவை போடச் சொன்னார். வேண்டாவெறுப்பாகப் போட்டாள்.

வாசலில் ஏதோ விழுந்தது. ஸ்டூடியோவைக் கூட்டுகிற அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் திரையையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா ஆச்சு?"

"இவரு அந்த ஆஸ்பத்திரி போன்ல பேசுறவருதானே தங்கச்சி? 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருங்கள்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரே! எங்க வீட்டுக்காரரு உசுருக்குப் போராடினப்ப ரெண்டு நாள் முழுக்க இதைத்தானே கேட்டேன். எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் கேட்டிருக்காங்க. செத்தாலும் மறக்குமா இந்தக் குரல்?"

பாம்புக்காது திகைத்துப்போய் இயக்குநரைப் பார்த்தாள்.

அவர் வக்கீல் கொடுத்த கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அந்தக் கம்பெனிக்காரங்கள்ல ஒருத்தர்கூட அந்த நம்பருக்குப் போன் பண்ணிக் காத்திருந்ததே இல்லம்மா," என்றார்.