எலுமிச்சம்பழம் வைத்த வண்டி

"மூணு மாசம் பொறுத்தா நீ கேட்ட நீலமே வரும்டி..." "நாளைக்கு ஆடி பொறக்குது, இனிமே பொறுக்கவாவது! எனக்கு அந்தச் செவப்புதான் வேணும்." "அது வித்துப்போன வண்டி, கண்ணு தெரியலியா?" "தெரியுது. நல்ல வண்டியா இருக்கப்போய்த்தானே வித்துப்போச்சு!" கணவனும் மனைவியும் மல்லுக்கு நிற்பதை விற்பனைக்காரி தமயந்தி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி பிறந்துவிட்டால் ஷோரூம் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள். இன்றைக்கு ஒரு வண்டியாவது போகாவிட்டால் அவள் வேலை போய்விடும். அந்தச் சிவப்பு வண்டியை யாரும் வாங்கியிருக்கவில்லை. விலைபோகாத வண்டிக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, வாங்கியவர் பெயரென்று கண்ணாடியில் ஓர் அட்டை மாட்டுவது அவள் வழக்கம். அப்புறம் அதுதான் முதலில் போகும். பஸ்ஸில் வந்துபோகிறவள், அட்டையில் எப்போதும் தன் பெயரையே எழுதுவாள். எழுதியதும் சட்டையில் குத்திய பெயர் பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். "இருங்க, வாங்கினவங்ககிட்டயே கேட்டுப் பாக்குறேன்" என்று வண்டிக்குப் பின்னால் போய், யாரையும் அழைக்காமல் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். திரும்பி வந்து, "விட்டுக்குடுத்துட்டாங்க" என்றாள். கணவன் பேனாவை எடுத்துவிட்டான். மனைவி அட்டையில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தாள். "அந்தத் தமயந்தி மனசாரத்தான் குடுத்தாங்களா? ஒருத்தி வயிறெரிஞ்சு விட்ட வண்டியில எம்புள்ளைங்கள ஏத்த மாட்டேன். நீங்களே சொல்லுங்கம்மா."