வரப்பில் ஒரு பந்தி

“உங்க அக்கா புருஷனுக்குப் புண்ணியம் தேடிக்க வேற இடமே கிடைக்கலையா?”

செருப்பை உதறியபடியே மனைவியிடம் பொரிந்து தள்ளினான் சின்னவன்.

அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவன் சின்னவன். இரண்டு சகலைகளுக்கும் அடுத்தடுத்த வயல், நடுவில் ஒரே வரப்பு. மழை வரும் என்று நம்பி, காய்ந்த புழுதியிலேயே சோளம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் சின்னவன். சுற்றுவட்டாரத்தில் பேருக்குக்கூடப் பச்சை இல்லை. புறாவுக்கும் அணிலுக்கும் எறும்புக்கும் கொலைப்பசி.

இந்த லட்சணத்தில், பெரியவர் விடிந்ததும் விடியாததுமாக வரப்பில் சோளத்தை வாரி இறைக்கிறார்!

“பட்சிக்கு இரக்கப்படறாராம். எல்லாம் வேஷம்! தன் வயலை விட்டு அதுங்களை நம்ம பக்கம் இழுத்துவிடற தந்திரம்.”

“அத்தான் அப்படிப்பட்டவர் இல்லீங்க. தனியா ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.”

“தனியா எதுக்கு? நாலு பேர் முன்னாடியே கேட்கிறேன்.”

கேட்டான். டீக்கடை வாசலில்.

“தர்மப் பிரபுவே! பந்தி போடறதுன்னா உங்க வீட்டு வாசல்ல போடுங்க. என் வயல் ஓரத்துல வேண்டாம்!”

பெரியவர் டீயைப் பாதியில் வைத்தார். கடையே அவர் முகத்தைப் பார்த்தது.

“சரி தம்பி. இனிமே போடல” என்றார். அவ்வளவுதான்.

‘குட்டு உடைஞ்சதும் வாயடைச்சுப் போச்சு பார்!’ சின்னவனுக்கு அன்று நல்ல தூக்கம்.

மறுநாள் வயலுக்குப் போனான். வரப்பு வெறிச்சோடிக் கிடந்தது. பந்தி மொத்தமும் அவன் வயலில்! புறாக்கள் புழுதியைக் கிளறிக் கொத்தின. அணில்கள் தோண்டின. எறும்புகள் சாரை சாரையாக விதையை இழுத்துக்கொண்டு போயின. இந்த மூலையில் விரட்டினால் அந்த மூலையில் இறங்கின.

மூச்சிரைக்கப் பெரியவர் வீட்டுக்கு ஓடினான். மனைவியின் அக்கா கதவைத் திறந்தாள்.

“அண்ணி, சகலையைப் பழையபடி வரப்புல சோளம் போடச் சொல்லுங்க! இல்லேன்னா என் விதை ஒண்ணுகூட மிஞ்சாது.”

“எதைப் போடறது? நீங்க வேண்டாம்னதும் இருந்ததையெல்லாம் மாவா அரைச்சுட்டேன்.”

“நீங்க விதைச்சது போக மிச்சம் இருக்குமே?”

“நாங்க எங்கே விதைச்சோம், தம்பி? ரெண்டு வயல்ல விதைச்சா ரெண்டும் பட்சி வாய்க்குத்தான் போகும், தங்கச்சி வயலாவது முளைக்கட்டும்னு எங்க விதைச்சோளத்தைத்தானே அவர் வரப்புல இறைச்சிட்டிருந்தாரு!”